அத்தாவின் கம்பளிச் சட்டை

இதைப் படிக்கத் தொடங்குமுன் உங்கள் வீட்டுக் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கண்ணாடி அலமாரியிலோ, பழைய பெட்டியின் அடியிலோ குரோஷா ஊசியால் பின்னிய விரிப்பு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். உங்கள் தாயார் பின்னியதாக இருக்கலாம். நீங்களே கன்னிப் பருவத்தில் பின்னியதாகவும் இருக்கலாம். அது யாருக்கு, எந்த நாளில், எதற்குப் பயன்பட்டது என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

நான் எண்ணிப் பார்த்தேன். நானாக அல்ல, ஓர் ஆட்டுக்குட்டி எண்ண வைத்தது. அந்த நிகழ்ச்சியைத்தான் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் என் பெருமைக்கு உரியது எதுவும் இல்லை. என் அறியாமையால் ஓர் உயிர் போயிற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்டிக்குப் போர்வை

தேனி மாவட்டத்து ஊரொன்றில் பிறந்தவள் நான். அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். 1991-ஆம் ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தபோது, பெரியம்மா என் கையில் ஒரு குரோஷா ஊசியையும் வெள்ளைப் பருத்தி நூலுருண்டையையும் கொடுத்தார். முதலில் பின்னியது அத்தாவுக்குத் தொழுகைத் தொப்பி. அது பயனுள்ள பொருள்தான். அதற்குப்பின் பின்னியவையோ! தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போர்வை, வானொலிக்குப் போர்வை, தண்ணீர்க் குவளைக்கு முத்துக் கோத்த மூடி, நாற்காலி முதுகுக்கு விரிப்பு. உயிரற்ற பொருள்கள் அனைத்துக்கும் சட்டை தைத்தோம். வருவோர் வியந்தனர்; அம்மா பூரித்தார்; என் திருமணச் சீரில் அவை ஒரு தனிப் பெட்டியாகவே வந்தன.

இரண்டு ஊசிகளால் கம்பளி பின்னும் கலையைப் பள்ளிக்கூடத்துத் தையலாசிரியையிடம் கற்றேன். கற்றேனே தவிர, கம்பம் பள்ளத்தாக்கின் வெயிலில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை? வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்று, 2001-ஆம் ஆண்டு மணமுடித்துக் கொடைக்கானல் மலைக்கு வாழ வந்த பிறகே அந்த ஊசிகள் பெட்டியை விட்டு வெளியே வந்தன.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. டிசம்பர், சனவரி மாதங்களில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும். காலையில் புல்வெளி உப்புத் தூவியது போல் வெளுத்துக் கிடக்கும். என் மச்சானின் வீட்டில் சிறிது தோட்டம். கேரட்டும் பீன்ஸும் பயிராகும். ஒரு பசு, ஆறேழு வெள்ளாடுகள். அவற்றை எல்லாம் ஆண்டவர் என் மாமி. பள்ளிப்படிப்பு இல்லாதவர். ஆனால் கொட்டிலுக்குள் நுழைந்த மாத்திரத்தில், எந்த ஆடு எதற்காகக் கத்துகிறது என்று சொல்லிவிடுவார்.

2002-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அத்தா என்னைப் பார்க்க வத்தலக்குண்டு வழியாக மலையேறி வந்தார். பருத்திச் சட்டையோடு வந்து இறங்கியவரின் உதடுகள் வெளுத்திருந்தன. அன்றே கடைத்தெருவில் அசல் கம்பளி நூல் வாங்கி, இருபது நாளில் அவருக்கு முழுக்கைச் சட்டை ஒன்று பின்னினேன். சாம்பல் நிறம். பூவேலை எதுவும் இல்லை. “என் மகள் பின்னியது” என்று ஊரில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், அந்த வெயிலிலும் போட்டுக் காட்டினாராம். மறு ஆண்டே அவர் மௌத்தானார். அம்மா அந்தச் சட்டையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதை அந்துருண்டை இட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். ஆக, அதுவும் அலமாரிப் பொருளாகிவிட்டது!

சிவப்புச் சட்டை

2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். வெள்ளாடுகளில் ஒன்று நிறைசினையாக இருந்தது. பிறக்கப்போகும் குட்டிக்குக் குளிருமே என்று என் மனம் இளகியது. குரோஷா ஊசியை எடுத்தேன். கடையில் கிடைத்த பளபளப்பான செயற்கை நூலில் சிவப்பு மேலாடை ஒன்று பின்னினேன். ஓரம் முழுதும் வெள்ளைப் பூ. வயிற்றின்கீழ் வரிசையாக நான்கு பித்தான்கள். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னிய அதே கை, அதே கருத்து. பார்ப்பவர் வியக்க வேண்டும், அவ்வளவே.

அஸர் வேளையில் ஆடு இரண்டு குட்டிகளை ஈன்றது. முதலாவது பெட்டை, இரண்டாவது கிடாய், சிறியது. மாமி அந்த நேரம் பக்கத்து வீட்டில் இருந்தார். தாய் ஆடு முதற்குட்டியை நக்கிக்கொண்டிருந்தபோது, நான் சிறியதைத் துணியால் துடைத்து எடுத்து, சிவப்புச் சட்டையை மாட்டிப் பித்தான்களையும் போட்டுவிட்டேன். எவ்வளவு அழகாக இருந்தது, தெரியுமா! ஆனால் தாயிடம் விட்டபோது, அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையால் முட்டித் தள்ளியது. மறுபடி விட்டேன்; மறுபடி தள்ளியது. “பழகிவிடும்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். மாமி திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. குட்டிகள் நலம் என்றேன். நம்பி உறங்கப் போனார்.

பஜ்ருக்கு எழுந்ததும் கொட்டிலுக்கு ஓடினேன். குட்டி ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. சட்டையின் வயிற்றுப்புறம் முழுதும் அதன் சிறுநீரிலேயே நனைந்து, ஐஸ் கட்டிபோல் உடம்போடு ஒட்டியிருந்தது. பதறிப்போய்ப் பாலாடையில் பால் எடுத்து வந்தேன். பின்னாலேயே வந்த மாமி என் கையைப் பிடித்துத் தடுத்தார். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். “வாய் சில்லுன்னு ஆயிடுச்சும்மா. இப்பப் பால் ஊத்தினா நெஞ்சுல போயி அடைக்கும்” என்றார். தம் முந்தானைக்குள் அதைப் பொதிந்துகொண்டு அடுப்படியில் உட்கார்ந்தார். நான் ஒளூச் செய்து தொழுதுவிட்டு வருவதற்குள் அது போய்விட்டது.

மாமி என்னைத் திட்டவில்லை. நனைந்த சட்டையைக் கழற்றி, விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்: “ஏம்மா, இதைப் போட்டியே, ஆத்தாக்காரி நக்கி முடிச்சாளா? அவ மோந்து பார்க்க இடம் விட்டியா?”

எனக்கு விடை தெரியவில்லை. பட்டதாரிக்கு அந்தக் கேள்வியே புதிது.

ஒரு கையை வெட்டினேன்

அன்று பகல் முழுதும் மழை. கொட்டிலின் ஓடு ஒழுகியது, வைக்கோல் நனைந்தது, கோணிப்பைகளும் நனைந்தன. சாலையில் மரம் விழுந்து கடைத்தெருவுக்கும் வழியில்லை. மக்ரிபுக்குப் பின் பார்த்தால், எஞ்சியிருந்த பெட்டைக்குட்டி முதுகைக் கூனிக்கொண்டு நடுங்கி நின்றது. காதுகள் குளிர்ந்திருந்தன. மாமி வாய்க்குள் விரலை விட்டார். “இன்னும் சூடு இருக்கு. உலர்ந்த கம்பளி ஏதாச்சும் கொண்டா. அந்தப் பிளாஸ்டிக் நூல் வேணாம்” என்றார்.

வீட்டில் குளிர்ச்சட்டைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாம் பெயரளவில்தான் கம்பளி. அத்தனையும் செயற்கை நூல். அசல் கம்பளி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்து அத்தாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ, அறியேன். அந்துருண்டை வாசனையையும் மீறி அவருடைய கடையின் வாசனை, மல்லியும் வெல்லமும் கலந்த வாசனை, அதில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. வெளியே குட்டி கத்தியது. கத்தரிக்கோலை எடுத்தேன். வலக்கையை முழங்கைக்குச் சற்று மேலே வெட்டினேன்.

இரண்டு கலைகளும் ஒருசேரக் கைகொடுத்த நேரம் அது. ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் திறந்தே நிற்கும். ஒன்று நழுவினால் அதற்கடுத்தது, அதற்கடுத்தது என்று ஏணிபோல் கீழ்வரை பிரிந்துவிடும். அதனால்தான் அது இழுத்த இழுப்புக்கு நீளும், விட்டால் சுருங்கும். குரோஷாவிலோ ஒவ்வொரு கண்ணியையும் முடித்த பிறகே அடுத்ததற்குப் போகிறோம். அது நெகிழாது, அவ்வளவு எளிதில் பிரியவும் பிரியாது. வெட்டிய ஓரத்தில் திறந்து நின்ற கண்ணிகளைக் குரோஷா ஊசியால் ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்து அடைத்தேன். மணிக்கட்டுப் பகுதி குட்டியின் கழுத்துக்கு. கையின் அகன்ற பகுதி உடலுக்கு. முன்னங்கால்களுக்கு இரண்டு துளைகள். அவற்றின் ஓரமும் குரோஷாவால் அடைத்தாயிற்று. மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மாமி குட்டியை நன்றாகத் துடைத்து, தாயிடம் முதலில் பால் குடிக்கவிட்டு, அதன்பின் சட்டையை மாட்டினார். வாலும் பின்புறமும் வெளியே தெரியும்படி பின்னோரத்தை மடித்துவிட்டார். தாய் ஆடு வந்தது. சட்டையை முகர்ந்தது. என் நெஞ்சு படபடத்தது. பிறகு பின்புறமாகச் சுற்றி வந்து வாலடியில் முகர்ந்தது; நக்கத் தொடங்கியது. குட்டி மடியை முட்டிக் குடித்தது. அல்ஹம்துலில்லாஹ்! அன்றிரவு நான் உறங்கவில்லை. காலையில் சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். அடுப்பில் சுட்டெடுத்த ரொட்டிபோல் இளஞ்சூடாக இருந்தது.

மாமியிடம் கற்ற பாடம்

அதன்பின் கொட்டிலில் நான் மாணவி, மாமி ஆசிரியை. அவர் சொன்னவற்றையும், பின்னாளில் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் ஆடு மாடு வளர்க்கும் சகோதரிகளுக்காக இங்கே தருகிறேன்.

எல்லாக் குட்டிக்கும் சட்டை தேவையில்லை. உலர்ந்த படுக்கையும், காற்றடிக்காத மூலையும், வயிறு நிறையச் சீம்பாலும் இருந்தால் நலமான குட்டி குளிரைத் தாங்கும். மெலிந்தது, தாயை இழந்தது, நனைந்தது ஆகியவற்றுக்கே சட்டை. அதுவும் தாய் நக்கி முடித்து, குட்டி பால் குடித்த பிறகே. தாய் தன் குட்டியை மணத்தால் அறிகிறது. அந்த மணத்தை நாம் மூடிவிட்டால் குட்டி அநாதையாகிவிடும். கிடாய்க்குட்டி வயிற்றின் நடுவிலிருந்து சிறுநீர் கழிப்பதால், அதன் சட்டைக்கு அடிவயிறு இருக்கவே கூடாது. பித்தான் வேண்டாம், தொங்கும் கயிறு வேண்டாம்; ஒன்றைத் தின்றுவிடும், மற்றது வேலியில் மாட்டும். பகலில் வெயில் வந்ததும் கழற்றி உலர்த்த வேண்டும். குட்டி விரைவில் வளரும். இறுகிய சட்டை நாளுக்கு நாள் விலங்காகிவிடும்.

அசல் கம்பளி ஏன் என்று கேட்பீர்கள். ஆட்டுக் கம்பளியின் இழை சுருள் சுருளாக இருப்பதால் இடையிடையே காற்றைச் சிறைப்பிடித்துச் சூட்டைக் காக்கிறது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பிறகும் தொட்டால் நனைந்ததுபோல் தோன்றாது. செயற்கை நூல் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிர்கிறது. இன்னொன்றும் உண்டு. தீப்பட்டால் கம்பளி கருகி அணையும். செயற்கை நூலோ உருகித் தோலில் ஒட்டும். கணப்பின் அருகே தவழும் குழந்தைகளின் தாய்மார்கள் இதை மறக்கலாகாது.

இனி அளவு. முதலில் பத்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு மாதிரி பின்னிக் கண்ணிகளை எண்ணுங்கள். எனக்குப் பதினெட்டு வரும். அத்தாவின் சட்டைக் கையைப் பார்த்து நான் பிறகு பின்னிய சட்டைகளின் கணக்கு இது. குட்டியின் கழுத்துச் சுற்று 22 சென்டிமீட்டர் என்றால் நாற்பது கண்ணிகள். மார்புச் சுற்று 32 என்றால், பின்னல் நீளும் என்பதால் 30-க்கே கணக்கிட்டு ஐம்பத்துநான்கு கண்ணிகள். ஒரு நேர்க் கண்ணி, ஒரு மாற்றுக் கண்ணி என்று ‘ரிப்’ பின்னலாகவே பின்ன வேண்டும். நாற்பதில் தொடங்கி நான்கு விரற்கடை பின்னி, பிறகு படிப்படியாக ஐம்பத்துநான்காகக் கூட்டுங்கள். மேலும் இரண்டு விரற்கடை சென்றதும், இரு ஓரங்களிலிருந்தும் ஐந்து கண்ணி தள்ளி ஆறாறு கண்ணிகளை அடைத்து, அடுத்த வரிசையில் அதே இடத்தில் ஆறாறு கண்ணிகளைப் புதிதாக ஏற்றினால் கால்துளைகள் அமைந்துவிடும். வாலுக்கு நான்கு விரற்கடை முன்பே முடித்துவிடுங்கள். இரு ஓரங்களையும் வயிற்றின் கீழே சேர்த்துத் தையுங்கள். கிடாய்க்குட்டியானால் கால்துளையைத் தாண்டி இரண்டு விரற்கடையோடு தையலை நிறுத்திவிடுங்கள்.

குரோஷாவுக்கும் கொட்டிலில் வேலை உண்டு. கன்றுக்குட்டி மண் தின்னாமலிருக்க வாய்க்கூடை கட்டுகிறோமல்லவா? பருத்திக் கயிற்றில் பருத்த ஊசியால் அதைப் பின்னலாம். நெகிழாத பின்னல் என்பதால் வடிவம் மாறாது. மூச்சுக்கு அகன்ற கண் விட வேண்டும். பாலுக்கும் தண்ணீருக்கும் கழற்றிவிட வேண்டும். பால்மறக்கச் செய்யும் காலத்தில் ஆட்டின் மடிக்குக் கட்டும் பையையும் இப்படியே பின்னலாம். ஆனால் ஆட்டுக்குத் தழை போட வலைப்பை பின்னித் தொங்கவிடாதீர்கள். கொம்போ காலோ மாட்டிக்கொண்டால் நாம் வருவதற்குள் எதுவும் நேரலாம்.

மறந்துபோன வரலாறு

வரலாறு படித்தவளாதலால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. இந்த ஊசிப் பின்னல் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் நமக்குக் கற்றுத் தந்தது என்றே நான் நெடுநாள் நம்பியிருந்தேன். உலகில் இன்று கிடைத்துள்ள மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் பல எகிப்தில் கிடைத்தவை. பதினோராம் நூற்றாண்டுக்கும் பதினான்காம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலில் பின்னிய காலுறைகள்! அரண்மனைத் தோரணங்கள் அல்ல. காலுக்குப் போட்டு நடந்து தேய்ந்த உறைகள். ஸ்பெயின் நாட்டுப் புர்கோஸ் நகரில், 1275-ஆம் ஆண்டு இறந்த ஃபெர்னாண்டோ என்ற கிறித்தவ இளவரசனின் கல்லறையில் பட்டுநூலில் பின்னிய தலையணை உறை கிடைத்தது. அதன் ஓரத்தில் கூஃபி எழுத்தில் ‘பரகத்’ என்ற சொல் பின்னப்பட்டிருக்கிறது. முஸ்லிம் கைவினைஞர்கள் அரச குடும்பத்துக்குப் பின்னிக் கொடுத்தது அது என்று அறிஞர் கருதுகின்றனர். குரோஷா பிற்காலத்தது. 1840-களின் கொடும் பஞ்சத்தில் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்கள் பல, குரோஷாப் பின்னல் விற்றுத்தான் வயிறு கழுவின.

இந்த மலைக்கும் கம்பளிக்கும்கூட உறவு உண்டு. தமிழகத்தின் சமவெளிச் செம்மறிகளில் பெரும்பாலானவற்றுக்கு மயிர்தான் உண்டு, கம்பளி இல்லை. மெல்லிய கம்பளி தருவது நீலகிரிச் செம்மறி. எங்கள் மேல்மலையில் மன்னவனூரில் 1965 முதல் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்குகிறது. மெல்லிய கம்பளி தரும் ‘பாரத் மெரினோ’ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள்.

அம்மா வந்தார்

கதை இன்னும் முடியவில்லை. 2005-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அம்மா மலைக்கு வந்தார். வந்த அன்றே, “அத்தா சட்டையை எடு, பார்க்கணும் போல இருக்கு” என்றார். ஒற்றைக் கையோடு கிடந்த சட்டையை எடுத்து மடியில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் என்னுடன் பேசவே இல்லை. மாமியிடம் மட்டும் பேசினார்.

அந்த இரண்டு நாளும் எனக்குள் ஒரே குழப்பம். அந்நஹ்ல் அத்தியாயத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதைத்த பெண்ணொருத்தி உவமையாக வருகிறாள். மதரஸாவில் பிள்ளைகளுக்கு அதை நடத்தும்போதெல்லாம் என் கையிலிருந்த கத்தரிக்கோல் நினைவுக்கு வரும். நானும் அவள்தானோ? பிறகு நானே தெளிந்தேன். அந்த உவமை, கொடுத்த வாக்கை முறிப்பவர்களைப் பற்றியது. கால்நடைகளின் கம்பளியையும் உரோமத்தையும் மனிதனுக்குக் கிடைத்த அருட்கொடையாகச் சொல்வதும் அதே அத்தியாயம்தான். நாம் ஆட்டிடம் பெற்றது, ஆட்டுக்கே சென்றது. ஆனாலும் அது என் தெளிவு. அம்மாவின் துயரம் அம்மாவுடையது. அவரைக் கேளாமல் வெட்டியதும் உண்மைதானே?

மூன்றாம் நாள் காலை அம்மா கொட்டிலுக்குப் போனார். மூன்று மாதக் குட்டி துள்ளி வந்து அவர் முந்தானையைக் கடித்தது. சிறிது நேரம் அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து, “இன்னொரு கையையும் எடுத்துடு. ஒத்தைக் கையோட அது எதுக்கும் ஆகாது” என்றார்.

இம்முறை வெட்டவில்லை. தோள் தையலின் நூலைக் கண்டுபிடித்து உருவி, கையைத் தனியே எடுத்து, முடித்த இடத்திலிருந்து பிரித்தேன். அம்மா இரு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவர் கைகளின் மேல் நூலைச் சுற்றிக்கொண்டே வந்தேன். இரண்டாண்டுகள் பின்னலுக்குள் இருந்த நூல் நெளிநெளியாக வந்தது. நான்கு இடங்களில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் தொங்கவிட்டோம். மறுநாள் நெளிவு நீங்கி நேரானது. அதில் அம்மாவுக்கு ஒரு சோடிக் காலுறை பின்னினேன். வெட்டுப்பட்ட ஓரத்தையும் பிரித்து ஒழுங்குசெய்து, சட்டையைக் கையில்லாத மேலாடையாக மாற்றினேன். அம்மா அதைத் தம் சேலைக்கு மேல் அணிந்துகொண்டே ஊருக்குப் போனார். அதன்பின் அது ஒருநாளும் பெட்டிக்குள் போகவில்லை. அம்மாவின் கடைசிக் குளிர்காலம் வரை, தஹஜ்ஜுத் வேளையில் அவர் உடம்பில்தான் இருந்தது.

யாருக்குக் குளிர்கிறது?

அம்மாவும் இல்லை, மாமியும் இல்லை. வல்ல நாயன் அவர்களின் மண்ணறைகளை ஒளிமயமாக்குவானாக! நான் மாலை மதரஸாவில் சிறுமியருக்கு ஓதிக் கொடுக்கிறேன். குளிர்நாளில் பக்கம் புரட்ட முடியாமல் அவர்களின் விரல்கள் விறைப்பதைப் பார்த்து, விரல் நுனி திறந்த கையுறைகள் பின்னக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருத்தியும் தனக்கு ஒன்று பின்னுமுன் தங்கைக்கோ தம்பிக்கோ ஒன்று பின்ன வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. அளக்காமல் பின்னினால் தம்பி அழுவான். அதுவே போதுமான பாடம். வளரும் பிள்ளைகளின் சட்டையைக் கழுத்திலிருந்து கீழாகப் பின்னச் சொல்கிறேன். மறு ஆண்டு கீழோரத்தைப் பிரித்து நீட்டிக்கொள்ளலாம் அல்லவா?

சகோதரிகளே! அந்தச் சிவப்புச் சட்டையை நான் எறிந்துவிடவில்லை. ஊசிப்பெட்டியின் அடியில் இன்றும் இருக்கிறது. புதிதாக எதையேனும் பின்ன எண்ணும்போதெல்லாம் அது கண்ணில் படும். அன்று அந்தக் குட்டியின்மேல் எனக்கு அன்பு இல்லாமலில்லை. அது யார், எப்படிப் பால் குடிக்கும், எங்கே நனையும், அதன் தாய்க்கு என்ன வேண்டும் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை. அளவறியாத அன்பு எவ்வளவு கொடியது என்பதைப் பின்னல் ஊசி எனக்குக் காட்டியது. பிள்ளைகளிடத்தும், மருமகளிடத்தும், அண்டை வீட்டாரிடத்தும் நாம் இப்படிச் சிவப்புச் சட்டைகளை மாட்டிவிட்டு, “பழகிவிடும்” என்று உறங்கப் போய்விடுகிறோமோ என்று அஞ்சுகிறேன்.

உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். அங்கே மடித்து வைத்திருக்கும் நூல் யாருக்குப் பயன்படும் என்று எண்ணிப் பாருங்கள். ஊசியை எடுக்குமுன் அளவுநாடாவை எடுங்கள்; அதற்கும் முன்பாக, யாருக்குப் பின்னுகிறீர்களோ அவர்களின் அருகில் சென்று சிறிது நேரம் உட்காருங்கள். பிறர் குளிரை அறிந்து போர்த்தும் கைகளை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.